பிள்ளையின் ஸ்பானிஷ் எங்கே நிற்கிறது? அந்த மொழி தெரியாத பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பிள்ளை ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறது என்றால், அது பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு நான்காவது மொழி. சீனப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் ஐந்தாவது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். இதற்கு மேல் அனைத்துலகப் பள்ளியில் ஒரு பாடமாகவோ, சனிக்கிழமை டியூஷனாகவோ ஸ்பானிஷ் வந்து சேர்கிறது. சில வீடுகளில் இரவு எட்டு மணிக்குக் கொலம்பியாவில் இருக்கும் டீச்சரோடு இணைய வகுப்பு நடக்கும். அவருக்கு அப்போது காலை ஏழு.

கணக்குப் பாடம் என்றால் நோட்டைப் புரட்டிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்பானிஷ் நோட்டைப் புரட்டினால் நமக்கு என்ன தெரியப் போகிறது? தவணை முடிவில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று ஒரு வரி வரும். மாதா மாதம் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். பிள்ளை தீபாவளிக்கு வந்த உறவினர் முன்னால் ஒன்று முதல் இருபது வரை சொல்லிக் காட்டும், எல்லாரும் கை தட்டுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அது மனப்பாடம்.

ஸ்பானிஷ் தெரியாத பெற்றோரும் பிள்ளையின் நிலையை நன்றாகவே கணிக்கலாம். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லாமல், சொல்லிக்கொடுக்காத ஒன்றை முன்னால் வைத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். எப்படி என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் மணிக்கணக்கு

எதையும் சோதிப்பதற்கு முன் ஒரு தாளில் இதைப் போடுங்கள். வாரம் ஒரு மணி நேர வகுப்பு. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தைப்பூசம், தீபாவளி, காய்ச்சல், டீச்சருக்கு வேலை என்று கழித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரம் மிஞ்சும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி தரும்போது, ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானிஷில் அலுவல் பார்க்கும் அளவுக்கு வர 600-க்கும் மேற்பட்ட வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைக்கிறது. அவர்கள் பெரியவர்கள், முழுநேரமாகப் படிப்பவர்கள், ஸ்பானிஷ் அவர்களுக்கு எளிதான மொழிகளில் ஒன்று. அந்தக் கணக்கோடு உங்கள் நாற்பது மணியை வைத்துப் பாருங்கள். ‘ஒரு வருஷமாப் படிக்கிறான், இன்னும் பேச மாட்டேங்கிறான்’ என்ற ஆதங்கம் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

வாரம் ஒரு மணி நேரம் மட்டும் படிக்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை முதலாண்டு முடிவில் தன் பெயர், வயது, குடும்பம், பிடித்தது பிடிக்காதது, நிறம், சாப்பாடு பற்றிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசினால் அது நல்ல நிலை. நேற்று நடந்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

2. நமக்குச் சும்மா வருவதைக் கழித்துவிடுங்கள்

இதைச் செய்யாத பெற்றோர்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் பிள்ளைகள் ஸ்பானிஷ் பாடத்தைச் சரளமாக வாசிப்பார்கள். கேட்கிறவர் அசந்துபோவார். காரணம் ஸ்பானிஷ் அல்ல, மலாய். மலாயைப் போலவே ஸ்பானிஷும் ஏறக்குறைய எழுதியபடியே வாசிக்கும் மொழி. அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிரொலிகளும் நமக்குப் பழகியவை. க, த, ப ஒலிகளையும் ஆங்கிலேயர் போல மூச்சை ஊதிச் சொல்லாமல், ஸ்பானியர் போலவே அழுத்தாமல் சொல்லிவிடுவார்கள். ஆக, சத்தமாக வாசிப்பதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு பத்தியை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, ‘என்ன நடந்துச்சு?’ என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் வந்தால்தான் வாசிப்பு.

மலாய் கைகொடுக்கிற அதே இடத்தில் காலையும் வாரிவிடும். ஸ்பானிஷில் ‘எச்’ எழுத்துக்கு ஒலியே கிடையாது, ‘ஜே’ எழுத்து தொண்டையிலிருந்து வரும் ‘ஹ’. முதல் சில வாரங்களில் வணக்கம் சொல்லும் ‘ஓலா’வைப் பிள்ளை ‘ஹோலா’ என்றும், பழச்சாறான ஹூகோவை ‘ஜூகோ’ என்றும் வாசிப்பது இயல்பு. ஆறேழு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால், பிள்ளை ஸ்பானிஷைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் அதிகம் என்று அர்த்தம். அப்போது கேட்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

சொற்களிலும் அப்படித்தான். மேசைக்கு ‘மேசா’, அலமாரிக்கு ‘அர்மாரியோ’. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கும் மலாய்க்கும் வந்த சொற்களின் உறவுகள் இவை. பிள்ளைக்கு இருநூறு சொல் தெரியும் என்று யாராவது சொன்னால், இப்படி இலவசமாக வந்ததைக் கழித்துக்கொண்டு பாருங்கள்.

நாக்கை உருட்டிச் சொல்லும் ‘ர்ர்’ ஒலியைப் பற்றி மட்டும் கவலையே வேண்டாம். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே கடைசியாகக் கைவரும் ஒலிகளில் அதுவும் ஒன்று. அதே போல, நன்றி சொல்லும் சொல்லை ஒரு டீச்சர் ‘கிராசியாஸ்’ என்றும் இன்னொருவர் ‘கிராத்தியாஸ்’ என்றும் சொல்லித்தந்தால் குழம்ப வேண்டாம். முன்னது லத்தீன் அமெரிக்காவில், பின்னது ஸ்பெயினின் பெரும்பகுதியில். இரண்டும் சரி.

3. மூன்று மாதத்துக்கு ஒரு பதிவு

கைப்பேசியை மேசைமேல் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள், வீடியோ வேண்டாம். கேமராவைப் பார்த்தால் பிள்ளைகள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகளை டீச்சரிடம் சொல்லி அவர் குரலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஐந்து கேள்விகள்:

கோமோ தே யாமாஸ்? (பெயர் என்ன)
குவாந்தோஸ் ஆஞோஸ் தியேனேஸ்? (வயது என்ன)
கே தே குஸ்தா கோமேர்? (என்ன சாப்பிடப் பிடிக்கும்)
கே ஆசேஸ் லோஸ் சாபாதோஸ்? (சனிக்கிழமைகளில் என்ன செய்வாய்)
கே இசிஸ்தே ஆயேர்? (நேற்று என்ன செய்தாய்)

கடைசிக் கேள்விக்கு முதலாண்டில் பதில் வராது. வர வேண்டியதும் இல்லை. என்றைக்குத் தட்டுத் தடுமாறியாவது பதில் வருகிறதோ, அன்றைக்குப் பிள்ளை ஒரு பெரிய படியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் அது இருக்கிறது.

அப்புறம் ஒரு படம். பசார் மாலாம் (இரவுச் சந்தை) படம் ஒன்று நன்றாக வேலை செய்யும்: கடைகள், பழங்கள், கூட்டம், ஒரு பூனை, மழைக்குக் குடை பிடித்த ஒருவர். ‘இதைப் பற்றி ஸ்பானிஷ்ல என்ன வேணும்னாலும் சொல்லு’ என்று விட்டுவிடுங்கள். இடையில் திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள், ‘அதான் தெரியுமே, சொல்லு’ என்று நெருக்காதீர்கள். தேதி போட்டுச் சேமித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இரண்டு பதிவுகள் கையில் சேர்ந்த பிறகு அடுத்தடுத்துக் கேளுங்கள். மொழி தெரியாத காதுக்கும் சில விஷயங்கள் தெளிவாகக் கேட்கும்.

பழைய பதிவில் ‘காதோ… மாங்கோ… ரோஹோ…’ (பூனை, மாம்பழம், சிவப்பு) என்று ஒற்றைச் சொல்லாக உதிரும். புதியதில் இரண்டு மூன்று சொல் சேர்ந்து ஒரே மூச்சில் வரும். மௌனத்தின் இடமும் மாறும். தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் நின்று யோசிக்கும் பிள்ளை, போகப் போக வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் நிற்கும். வேகம் கூடியிருக்காது, ஆனாலும் இது உண்மையான முன்னேற்றம்.

இன்னொன்றை எண்ணியே பார்க்கலாம்: ‘யோ’. ‘நான்’ என்பதற்கான ஸ்பானிஷ் சொல். ஆங்கில வாக்கியத்தை மனசில் கட்டி மொழிபெயர்க்கும் பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யோ’ என்றே தொடங்கும். ஸ்பானிஷில் அது பெரும்பாலும் தேவையில்லை. நாம் ‘வந்தேன்’ என்று சொன்னாலே வந்தது யார் என்று தெரிவதுபோல, வினைச்சொல்லின் ஈறே ஆளைக் காட்டிவிடும். முதல் பதிவில் பத்து முறை வந்த ‘யோ’ நான்காவது பதிவில் மூன்றாகக் குறைந்திருந்தால், மதிப்பெண் பட்டியலைவிட அதை நம்பலாம்.

4. இல்லாத சொல்லைக் கொடுத்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 1958-ல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் பறவை மாதிரி ஓர் உருவத்தைக் காட்டினார். அதற்கு ‘வக்’ என்று தானே ஒரு பெயர் வைத்து, ‘இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டு என்ன?’ என்று கேட்டார். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் எங்கும் கேட்டிருக்க வழியில்லை. பதில் சரியாக வந்தால், அது மனப்பாடத்திலிருந்து வரவில்லை, விதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இதை ஸ்பானிஷுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செந்தூலில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. மைலோவும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம், மூன்று கால் ஜந்து ஒன்றை வரைந்து ‘இது ஒரு தூலி’ என்றேன். பக்கத்தில் இன்னொன்றை வரைந்தேன். ‘தோஸ் (இரண்டு)…?’ அவன் யோசிக்காமல் ‘தோஸ் தூலிஸ்’ என்றான். அடுத்து மெய்யெழுத்தில் முடிந்து, பன்மையில் ‘ஏஸ்’ ஏற்க வேண்டிய ஒரு பெயர், ‘நமோர்’. ‘தோஸ் நமோர்ஸ்’ என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். பென்சிலைக் கடித்தான். ‘இல்ல, நமோரேஸ்.’ அந்த இடைவெளியில் நடந்தது எதுவும் எந்த ரிப்போர்ட் கார்டிலும் வராது.

வினைச்சொல்லுக்கும் இதே முறைதான். ‘நிமார் என்றால் ஒற்றைக் காலில் குதிப்பது’ என்று ஒரு பொய்ச் சொல்லை உருவாக்குங்கள். நான் குதிக்கிறேன் என்பதற்கு ‘நிமோ’, நீ குதிக்கிறாய் என்பதற்கு ‘நிமாஸ்’, அவள் குதிக்கிறாள் என்பதற்கு ‘நிமா’, நாங்கள் குதிக்கிறோம் என்பதற்கு ‘நிமாமோஸ்’ வர வேண்டும். விடை உங்கள் கையில் இருப்பதால் ஸ்பானிஷ் தெரியாமலே திருத்தலாம். முதலாண்டுப் பிள்ளைக்கு முதல் இரண்டு வந்தாலே போதும். சின்னவர்கள் இதைச் சோதனை என்றே நினைக்க மாட்டார்கள், இன்னொரு ஜந்து வரையச் சொல்லிக் கேட்பார்கள்.

5. காதைச் சோதிப்பது

பேச்சு தாமதமாகத்தான் வரும். கேட்டுப் புரிவது எப்போதும் முன்னால் ஓடும். ஆகவே பேசாத பிள்ளை தேங்கிவிட்டது என்று முடிவு கட்டும் முன் காதைச் சோதியுங்கள். டீச்சரிடம் ஏழெட்டுக் கட்டளைகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், தமிழ் அர்த்தத்தை உங்களுக்கு மட்டும் தனியாக. ‘கதவைச் சாத்து’ போன்றவை வேண்டாம், அவற்றைப் பிள்ளை ஊகித்துவிடும். ‘கோப்பையை மேசைக்கு அடியில் வை’, ‘செருப்பைத் தலையில் வைத்துக்கொள்’ போல ஊகிக்க முடியாத கிறுக்குத்தனமான கட்டளைகள் வேண்டும். எத்தனையைச் சரியாகச் செய்கிறது என்று எண்ணுங்கள்.

அடுத்த முறை அதே மாதிரிக் கட்டளைகளை வேறொருவர் குரலில் கேட்க வையுங்கள். டீச்சர் சொன்னால் புரிகிறது, மற்றவர் சொன்னால் புரியவில்லை என்றால், பிள்ளை பழகியது டீச்சரின் குரலுக்கும் சைகைக்கும்தான். கோலாலம்பூரில் இதற்கு ஆள் தேடுவது ஒன்றும் முடியாத காரியமில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் ஸ்பானிஷ் பட்டப்படிப்பே இருக்கிறது. மூத்த மாணவர் ஒருவருக்கு ஏதாவது கொடுத்து அரை மணி நேரம் பிள்ளையோடு பேசச் சொன்னால், மூன்று தவணை ரிப்போர்ட்டில் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

6. நல்ல தப்பு, பழைய தப்பு

தப்பைக் கண்டதும் பயப்படாதீர்கள். ஸ்பானிஷில் ‘எனக்குத் தெரியும்’ என்பதற்குச் ‘சே’ என்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பிள்ளை அதை அப்படியே மனப்பாடமாகச் சரியாகச் சொல்லும். சில மாதம் கழித்துத் திடீரென்று ‘சாபோ’ என்று சொல்லும். பெற்றோர் பதறுவார்கள், நேற்றுவரை சரியாகச் சொன்னதே என்று. உண்மையில் பிள்ளை விதியைக் கண்டுபிடித்துவிட்டது, அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பிறந்த குழந்தைகளும் இதே ‘சாபோ’வைச் சொல்லித்தான் வளர்கிறார்கள். உடைந்தது என்பதற்கு ‘ரோதோ’ என்று சொல்லாமல் ‘ரொம்பிதோ’ என்பதும் இதே வகை. இவை வரவேற்க வேண்டிய தப்புகள்.

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தப்புகளும் உண்டு, அவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். தமிழில் மேசைக்கும் புத்தகத்துக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. மலாயில் பால் என்ற பேச்சே இல்லை. ஸ்பானிஷில் புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால். ஆண்பால் சொல்லுக்கு முன் வரும் ‘எல்’லும் பெண்பால் சொல்லுக்கு முன் வரும் ‘லா’வும் மாறி மாறி வந்துகொண்டுதான் இருக்கும். ‘இருக்கிறேன்’ என்பதற்கு ‘சோய்’, ‘எஸ்தோய்’ என்று இரண்டு இருப்பதும் அப்படியே.

ஆனால் ‘எனக்கு எட்டு வயது’ என்பதற்கு ‘தெங்கோ ஓச்சோ ஆஞோஸ்’ என்று சொல்லாமல், ஓராண்டு கழித்தும் ‘சோய் ஓச்சோ’ என்று சொன்னால் கவனியுங்கள். அது ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ‘மே குஸ்தா’ வராமல் ‘யோ குஸ்தோ’ வருவதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘நான்’ பிடித்துக்கொள்கிறது. தமிழில் ‘எனக்கு’ப் பிடிக்கிறது, ஸ்பானிஷிலும் ‘எனக்கு’த்தான். அங்கே பிள்ளையிடம் ‘ஆங்கிலத்த விடு, தமிழ்ல யோசி’ என்று சொல்லிப் பாருங்கள். நிறத்தைப் பொருளுக்குப் பின்னால் வைக்க மறக்கும் பிள்ளைக்கு மலாயைக் காட்டுங்கள்: ‘ரூமா மேரா’ மாதிரியே ‘காசா ரோஹா’. ‘தமிழே ஒழுங்கா வரல, இதுல ஸ்பானிஷ் எதுக்கு?’ என்று கேட்கும் பெரியம்மாக்களுக்கும் இந்த இரண்டு உதாரணங்களைச் சொல்லலாம். கேட்டுக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

உண்மையாகவே கவலைப்பட வேண்டியது, நான்கு பதிவுகளிலும் ஒரே தப்பு ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது. தப்பு இடம் மாறினால் பிள்ளை நகர்கிறது. தப்பே இல்லாமல், அதே ஆறு வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று வந்தால் அதையும் நான் தேக்கம் என்றே சொல்வேன்.

7. செயலி எண்கள்

டுவோலிங்கோ போன்ற செயலிகளில் தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று காட்டும் எண், பிள்ளை ஏறக்குறைய தினமும் ஒரு சின்னப் பாடமாவது செய்தது என்பதற்குச் சாட்சி. பழக்கத்துக்கு நல்லது. அதற்கு மேல் அதில் எதையும் தேடாதீர்கள்.

8. டீச்சரிடம் என்ன கேட்பது

‘எப்படிப் படிக்கிறான்?’ என்று கேட்டால் ‘நல்லாப் படிக்கிறான்’ என்றுதான் பதில் வரும். ‘போன தவணையில் உதவியில்லாமல் செய்ய முடியாத எதை இந்தத் தவணையில் தானே செய்கிறான்? அதை எனக்கு ஒரு முறை காட்ட முடியுமா?’ என்று கேளுங்கள். நல்ல டீச்சர் இந்தக் கேள்வியை விரும்புவார். பதிவுகளையும் அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள், குறை சொல்லும் தொனி இல்லாமல்.

ஏ1, ஏ2 என்று அவர் பேசினால் அது ஐரோப்பிய மன்றம் 2001-ல் வெளியிட்ட அளவுகோல். ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். பள்ளியில் வகுப்பறை மதிப்பீட்டிலும் ஆறு அடைவுநிலைகள் இருப்பதால் நம் பெற்றோர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். அது தவறு. பள்ளியின் அடைவுநிலை அந்த ஆண்டுப் பாடத்தை எவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சொல்கிறது, அடுத்த ஆண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஏ1 என்பது மொத்த மொழியில் எங்கே நிற்கிறோம் என்பது. ஒரு பிள்ளை இரண்டு மூன்று ஆண்டு ஏ1-லேயே இருப்பது தோல்வி இல்லை. ஏ1-க்குள்ளேயே நடக்க நிறைய தூரம் இருக்கிறது.

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-ல் போன பிறகும் மதிப்பெண் பார்க்காமல் தூக்கம் வராத பெற்றோர் உண்டு. அவர்களுக்கு டெலே தேர்வு இருக்கிறது. ஸ்பெயினின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துவது. 11 முதல் 17 வயது மாணவர்களுக்கென்றே ஏ1 நிலையிலும், ஏ2, பி1 சேர்ந்த நிலையிலும் தனித் தாள்கள் உண்டு. ஏ1-இல் வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. வாசிப்பும் எழுத்தும் ஒரு கூட்டு, கேட்டலும் பேச்சும் இன்னொரு கூட்டு, இரண்டிலும் 50-க்கு 30 எடுத்தால்தான் தேர்ச்சி. வாசிப்பில் வாங்கியதை வைத்துப் பேச்சில் விட்டதை ஈடுகட்ட முடியாது. நம் பிள்ளைகள் வாசிப்பில்தான் பலம் என்பதால் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, ஆக அவசரமும் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தேர்வுப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

9. எப்போது முடிவெடுப்பது

ஆண்டிறுதி விடுமுறை முடிந்த கையோடு எடுத்த பதிவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்போது எல்லாப் பிள்ளையும் பின்னால் போயிருக்கும், வகுப்பு தொடங்கிச் சில வாரங்களில் திரும்பி வரும். ஒரு பதிவு பழைய நிலையிலேயே இருந்தால் காத்திருங்கள். தொடர்ந்து மூன்று பதிவுகளில் வாக்கிய நீளமும் மாறவில்லை, ‘யோ’வும் குறையவில்லை, இல்லாத சொல்லுக்கும் பதில் வரவில்லை என்றால், அப்போது பேச வேண்டியது டீச்சரோடு. பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை. வகுப்பில் பிள்ளை பேசும் நேரம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பத்துப் பேர் உட்காரும் ஒரு மணி நேர வகுப்பில், டீச்சர் பேசுவது போக ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம் கிடைத்தால் பெரிது. அப்படியானால் மாற்ற வேண்டியது வகுப்பின் அளவை. வாரம் ஒரு மணி நேரத்தை இரண்டு அரை மணிகளாகப் பிரித்து, இரண்டு பேர் மட்டும் படிக்கும் வகுப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் அடுத்த பதிவிலேயே வித்தியாசம் கேட்கும்.

பதிவே வேண்டாம் என்று பிள்ளை முரண்டு பிடித்தால் வற்புறுத்தாதீர்கள். கேள்வி கேட்கும் வேலையைப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள்: பிள்ளை ஸ்பானிஷில் கேட்கட்டும், நீங்கள் உளறுங்கள், அது உங்களைத் திருத்தட்டும். திருத்துகிற குரலையும் கைப்பேசி பதிவு செய்துகொள்ளும். முன்கூட்டியே அதைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலான பிள்ளைகள் சம்மதித்துவிடுவார்கள்.